32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தை சரியாக வளர்கிறதா? அளப்பது, கணக்கிடுவது, தடை எங்கே என்று தேடுவது

28 வாரத்தில் பிறக்கும் குழந்தை ஏறத்தாழ 1 கிலோ இருக்கும். வயிற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் அடுத்த 12 வாரத்தில் 3 கிலோவைத் தாண்டியிருக்கும். பிறந்த பிறகு பெரும்பாலான குழந்தைகள் அந்த வேகத்தில் வளர்வதில்லை. எலும்புக்கான கால்சியம், பாஸ்பரஸ், ரத்தத்துக்கான இரும்பு, தோலுக்கடியிலான கொழுப்பு எல்லாமே பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று மாதத்தில்தான் தாயிடமிருந்து இறங்குகின்றன. அந்தக் கையிருப்பு இல்லாமல் வெளியே வந்த குழந்தை, மூச்சுக்கும் உடல் சூட்டுக்கும் செலவு செய்துகொண்டே, அதே வேகத்தில் வளரவும் வேண்டும். அதனால் முதல் வாரங்களில் பின்தங்குவது ஏறக்குறைய எல்லாருக்கும் நடக்கிறது. அந்தப் பின்னடைவு எப்போது அடைபடுகிறது, அடைபடாவிட்டால் ஏன் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

இதில் பெற்றோர் வழக்கமாகப் பார்ப்பது எடையை மட்டும்தான். எடை சுலபமாக ஏறும், சுலபமாக ஏமாற்றும். நீர் கோர்த்தாலும் ஏறும், வெறும் கொழுப்பு சேர்ந்தாலும் ஏறும். எலும்பும் தசையும் உறுப்புகளும் வளர்கின்றனவா என்பதை நீளம்தான் காட்டும். மூளை வளர்வதைத் தலைச்சுற்றளவு காட்டும். மூன்றையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால், பாதிக் குழப்பம் தானாகவே விலகும்.

வயதை எங்கிருந்து எண்ணுவது

பிறந்த நாளிலிருந்து அல்ல, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து. 40 வாரத்திலிருந்து பிறந்த வாரத்தைக் கழித்தால் எத்தனை வாரம் முந்தி வந்தது என்று தெரியும். அதை இன்றைய வயதிலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் திருத்திய வயது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 28 வாரத்தில் பிறந்த ஆண் குழந்தை, இன்று பிறந்து 30 வாரம், அதாவது சுமார் 7 மாதம். எடை 6 கிலோ. 7 மாதக் கோட்டில் புள்ளி வைத்தால் பயந்துபோவீர்கள்: உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி அந்த வயதின் நடு எடை 8.3 கிலோ, கீழ் எல்லையான மைனஸ் 2 கோடே, அதாவது நடுக்கோட்டிலிருந்து இரண்டு படி கீழே உள்ள கோடே, 6.7 கிலோவில் இருக்கிறது. இந்தக் குழந்தை 12 வாரம் முந்தி வந்தது. 30-இல் 12 போனால் 18 வாரம், சுமார் 4 மாதம். 4 மாதத்துக்கு நடு எடை 7 கிலோ, மைனஸ் 2 கோடு 5.6 கிலோ. இப்போது புள்ளி எல்லைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. குழந்தை அதே குழந்தை, எடை அதே எடை. வயதை எண்ணிய விதம்தான் மாறியது.

இந்தத் திருத்தத்தைக் குறைந்தது 2 வயது வரை செய்யவேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்குப் பல மருத்துவர்கள் 3 வயது வரை தொடர்கிறார்கள். எடைக்கு மட்டும் திருத்தி, நீளத்துக்கும் தலைக்கும் மறந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மூன்றுக்கும் ஒரே வயதைத்தான் போடவேண்டும். தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு: அது பிறந்த நாளைக் கொண்டுதான் போடப்படும், திருத்திய வயதுக்காகக் காத்திருக்கக் கூடாது.

எந்த அட்டவணை

குறித்த தேதி வரும்வரை குறைமாதக் குழந்தைகளுக்கென்றே உள்ள அட்டவணை வேண்டும். 2013-இல் வந்த ஃபென்டன் அட்டவணை 22 முதல் 50 வாரம் வரை ஓடுகிறது. வயிற்றுக்குள் ஒரு சிசு எப்படி வளர்ந்திருக்கும் என்பதை அளவுகோலாக வைக்கிறது. இன்டர்குரோத்-21 அட்டவணை, பிறந்த பிறகு குறைமாதக் குழந்தைகள் உண்மையில் எப்படி வளர்ந்தார்கள் என்பதைக் கொண்டு 27 முதல் 64 வாரம் வரை போடப்பட்டது. இரண்டும் ஒரே குழந்தைக்குச் சற்று வேறு விடை தரும். எதைத் தேர்ந்தாலும் இடையில் மாற்றாதீர்கள். பாதியில் அட்டவணையை மாற்றினால் குழந்தை திடீரென்று மெலிந்தது போலவோ தேறியது போலவோ தெரியும். குறித்த தேதி கடந்த பிறகு, திருத்திய வயதோடு, உலக சுகாதார நிறுவனத்தின் 2006 அட்டவணை போதும்.

அளப்பது: இங்கேதான் பாதித் தவறு

எடை. உடையில்லாமல், டயபர் இல்லாமல், பால் கொடுப்பதற்கு முன், ஒரே தராசில், ஒரே நேரத்தில். தராசு 10 கிராம் வித்தியாசத்தையாவது காட்டவேண்டும். விரிப்பைப் போட்டுவிட்டு பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகே குழந்தையைக் கிடத்துங்கள். வீட்டுக்கு வந்தபின் தினமும் நிறுப்பது நிம்மதியைக் கெடுக்குமே தவிர வேறு பயன் தராது. ஒருமுறை மலமும் சிறுநீரும் போனாலே 30, 40 கிராம் இறங்கும். ஒரு நாளில் குழந்தை ஏறுவதே அவ்வளவுதான். வாரம் ஒருமுறை நிறுத்து ஏழால் வகுத்தால் உண்மைக்கு அருகில் வரும்.

நீளம். மூன்றிலும் அதிகம் அலட்சியமாக அளக்கப்படுவது இதுதான். படுக்கையில் கிடத்தி டேப்பை இழுத்து அளந்த நீளத்தை நம்பவே வேண்டாம். 2, 3 செ.மீ. தவறும். தலைப்பக்கம் அசையாத பலகையும் கால்பக்கம் நகரும் பலகையும் உள்ள அளவுப்பெட்டி, அதாவது இன்ஃபான்டோமீட்டர் வேண்டும். ஆளும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையின் உச்சந்தலை பலகையில் படும்படி பிடித்து, முகம் நேர்மேலே பார்க்கும்படி வைத்துக்கொள்வார். மோவாய் மார்பில் ஒட்டியிருக்கவும் கூடாது, அண்ணாந்திருக்கவும் கூடாது. மற்றவர் ஒரு கையால் இரண்டு முழங்காலையும் மெல்ல அழுத்தி நேராக்கி, மறுகையால் நகரும் பலகையைக் கொண்டுவந்து இரண்டு உள்ளங்காலிலும் தட்டையாகப் படவைத்து, 0.1 செ.மீ. வரை படிப்பார். ஒரு காலை மட்டும் நீட்டினால் இடுப்பு சாயும், நீளம் கூடிக் காட்டும். குழந்தையை எடுத்துவிட்டு மறுபடி கிடத்தி இன்னொருமுறை அளக்கவேண்டும். இரண்டுக்கும் இடையே 0.7 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டையும் தள்ளிவிட்டுத் திரும்ப அளங்கள். சரியாக இருந்தால் சராசரியைக் குறியுங்கள்.

தலை. நீளாத டேப். முன்னால் புருவத்துக்குச் சற்று மேலே, பக்கத்தில் காதுக்கு மேலே, பின்னால் மண்டை மிகவும் புடைத்த இடத்தில் சுற்றவேண்டும். மூன்றுமுறை சுற்றி, பெரிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி, பின்னல், மூச்சுக்குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரி எதுவும் இடையில் இருக்கக்கூடாது. மருத்துவமனையில் நெடுநாள் பக்கவாட்டில் படுத்திருந்த குழந்தைகளின் தலை குறுகி நீண்டிருக்கும். அந்த வடிவமும் அளவைக் கொஞ்சம் மாற்றும் என்பதால் ஒரே ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எவ்வளவு ஏற வேண்டும்

பிறந்த முதல் சில நாளில் எடை 10% வரை, சில சமயம் 15% வரைகூட இறங்கும். பெரும்பாலும் அது உடம்பிலிருந்து வெளியேறும் நீர். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பவேண்டும். அதன்பிறகு 2 கிலோ ஆகும்வரை கணக்கு வேறு: ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 15 முதல் 20 கிராம். உதாரணமாக 1400 கிராம் இருந்த குழந்தை 7 நாளில் 1575 ஆனால் 175 கிராம் ஏற்றம், நாளுக்கு 25. சராசரி எடை சுமார் 1.49 கிலோ, 25-ஐ அதனால் வகுத்தால் கிலோவுக்கு 16.8 கிராம். போதும். அதே 25 கிராமை 1 கிலோக் குழந்தை ஏறினால் அது மிக அதிகம், நீர் கோர்க்கிறதா என்று பார்க்கவேண்டும். இந்தக் கட்டத்தில் நீளம் வாரம் சுமார் 1 செ.மீ., தலை வாரம் 0.5 முதல் 1 செ.மீ.

2 கிலோ தாண்டியபின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் என்று நேராகவே பார்க்கலாம். திருத்திய வயது 0 முதல் 3 மாதம் வரை நாளுக்கு 25–35 கிராம், 3 முதல் 6 மாதம் வரை 15–20, 6 முதல் 12 மாதம் வரை 8–12. நீளம் முதல் 3 மாதம் மாதத்துக்கு 3.5 செ.மீ. அல்லது சற்று மேல், அடுத்த 3 மாதம் 2 செ.மீ., பிறகு 1.3 செ.மீ. அளவு. தலை முறையே மாதம் 2, 1, 0.5 செ.மீ. மாதம் 4-இல் எடை ஏற்றம் பாதியாகக் குறைந்ததும் பலர் பாலைக் கூட்டவோ மாற்றவோ ஓடுகிறார்கள். அது எல்லாக் குழந்தைக்கும் இயல்பாக வரும் தளர்வு. அட்டவணையின் கோடும் அங்கே அப்படியே வளைகிறது.

பின்னடைவை ஈடுகட்டுவது பொதுவாக இந்த வரிசையில் நடக்கும்: தலை முதலில், பிறகு எடை, கடைசியில் நீளம். பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுக்குள் முடியும். பிறந்த வாரத்துக்கே எடை குறைவாகப் பிறந்தவர்கள், அதாவது முந்தியும் வந்து உள்ளேயும் வளராதவர்கள், 4 வயது வரைகூட எடுத்துக்கொள்வார்கள். ஒரு புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே முக்கியம். மைனஸ் 2.5-இல் இருந்து மெல்ல மேலேறும் குழந்தையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மைனஸ் 0.5-இல் இருந்து மைனஸ் 1.5-க்கு இறங்கும் குழந்தையைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும், அது எல்லைக்குள்ளேயே இருந்தாலும்.

பால்: கலோரி எட்டும், புரதம் எட்டாது

தாய்ப்பாலுக்கு நிகராக வேறொன்றும் இல்லை; குடல் அழுகும் நோயிலிருந்து காக்க அதைப்போல வேறு இல்லை. ஆனால் 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு அது தனியாகப் போதாது. ஏன் என்று எண்ணிப் பார்த்தால் புரியும். 100 மி.லி. தாய்ப்பாலில் சுமார் 67 கலோரி. பிரசவமாகிச் சில வாரம் ஆனபிறகு அதில் புரதம் 1.2 கிராம் அளவுக்கு இறங்கிவிடும். கிலோவுக்கு 160 மி.லி. கொடுத்தால் 107 கலோரி கிடைக்கும், புரதம் 1.9 கிராம். இந்தக் குழந்தைக்குத் தேவை கிலோவுக்கு 110 முதல் 130 கலோரி அல்லது அதற்கும் மேல், புரதம் 3.5 முதல் 4 கிராம். கலோரி ஏறக்குறைய எட்டிவிட்டது. புரதம் பாதியில் நிற்கிறது. அதனால்தான் சத்துக்கூட்டாத பாலில் எடை ஓரளவு ஏறும், நீளம் ஏறாது. வளர்வது கொழுப்பு மட்டும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் கறந்த தாய்ப்பாலில் ஃபார்ட்டிஃபையர் என்னும் சத்துப்பொடி கலக்கிறார்கள். அது பாலை 100 மி.லி.க்கு 80 கலோரி அளவுக்கு உயர்த்தி, புரதம், கால்சியம், பாஸ்பரஸையும் கூட்டுகிறது. பாலில் எண்ணெய் சேர்ப்பதும், கடைசியில் வரும் கெட்டிப் பாலை மட்டும் கொடுப்பதும் பழைய உபாயங்கள். அவற்றால் கூடுவது கொழுப்பு மட்டுமே. நீளம் பின்தங்கிய குழந்தைக்கு அவை மருந்தல்ல.

பொடி கலப்பதில் விதி ஒன்றுதான்: உறையில் அச்சிட்ட அளவுக்குப் பாலை அளந்து, அளந்த பாலில் பொடியைப் போடுங்கள். "கொஞ்சம் தேறட்டும்" என்று அரை கரண்டி கூடப் போட்டால் பாலின் அடர்த்தி ஏறி, வயிறு உப்பும், மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும். பவுடர் பாலுக்கும் இதே கதி. மாறாக, பால் செலவாகிறதே என்று தண்ணீர் கூட்டினால் வயிறு நிறையும், உடம்பில் எதுவும் சேராது. சோடியம் இறங்கி வலிப்பு வரைகூடப் போகும். எடை ஏறவில்லை என்று வந்த குழந்தையின் வீட்டில் முதலில் கேட்கவேண்டியது, "எப்படிக் கலக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்" என்பதுதான். பல சமயம் பரிசோதனைக்கூடம் சொல்லாததை அந்தக் கரண்டி சொல்லிவிடும்.

வீட்டுக்கு வந்தபின் மொத்த அளவு கிலோவுக்கு 150 முதல் 180 மி.லி. 2.2 கிலோக் குழந்தைக்கு 160 வீதம் வைத்தால் நாளுக்கு 352. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 44 மி.லி. வளர்ச்சி குறைவாக வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சத்துக்கூட்டிய பாலோ, குறைமாதக் குழந்தைகளுக்கென்று வீட்டுக்கு வந்தபின் கொடுக்க உள்ள பவுடர் பாலோ குறித்த தேதி வரை, தேவைப்பட்டால் கர்ப்ப வாரக் கணக்கில் 52 வாரம் வரை, அதாவது திருத்திய வயது 3 மாதம் வரை தொடரும். நேரடியாக மார்பில் குடிக்கும் குழந்தைக்கு எல்லா வேளையையும் கறந்து கொடுக்க வேண்டியதில்லை. நாளில் இரண்டு மூன்று வேளை மட்டும் சத்துக்கூட்டிக் கொடுத்து, மற்றதை மார்பிலேயே விடலாம். எவ்வளவு குடித்தது என்று ஐயமானால், அதே டயபரோடு குடிக்கும் முன்னும் பின்னும் நிறுங்கள். 1 கிராம் கூடினால் ஏறத்தாழ 1 மி.லி.

குடிக்க எடுக்கும் நேரம் 30 நிமிடத்தைத் தாண்டினால் குடித்ததில் ஒரு பகுதி குடிக்கும் உழைப்பிலேயே போய்விடும். புட்டிப்பாலானால் மெதுவாக வரும் ரப்பர், சற்று நிமிர்த்திய பக்கவாட்டு நிலை, நாலைந்து உறிஞ்சலுக்கு ஒருமுறை புட்டியைச் சாய்த்து மூச்சுவிட நேரம். வேகமாகப் பாயும் ரப்பரை "சீக்கிரம் முடிகிறது" என்று விரும்பி வாங்குபவர்கள் உண்டு. முடிவது என்னவோ சீக்கிரம்தான். அதற்குள் குழந்தை மூச்சை நிறுத்தி நீலம் பூத்துவிடக்கூடும்.

விட்டமின் டி நாளுக்கு 400 யூனிட்டாவது வேண்டும். எலும்பு பலவீனமாக இருந்தால் மருத்துவர் கூட்டுவார். இரும்பு கிலோவுக்கு 2 முதல் 3 மி.கி., பிறந்து 2 முதல் 4 வாரத்தில் தொடங்கி 6 முதல் 12 மாதம் வரை. இந்தக் கணக்கு தூய இரும்புக்கு. சொட்டு மருந்தின் புட்டியில் உப்பின் எடையும் இரும்பின் எடையும் தனித்தனியே அச்சிட்டிருக்கும். ஃபெரஸ் சல்ஃபேட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு. தவறான வரியைப் படித்தால் மருந்து ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். குழந்தையின் எடை கூடக்கூட அளவையும் கூட்டவேண்டும் என்பதும் மறந்துபோகும் விஷயம்: 2 கிலோவில் எழுதித் தந்த சொட்டு 5 கிலோவிலும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஏறவில்லை என்றால் எங்கே தேடுவது

எது முதலில் நின்றது என்று பாருங்கள். எடை நின்று நீளமும் தலையும் ஓடினால் பெரும்பாலும் உள்ளே போகும் கலோரி போதவில்லை: அளவு குறைவு, கலவைப் பிழை, எதுக்களிப்பு, அல்லது மூச்சுக்கு அதிகச் செலவு. எடை ஏறி நீளம் நின்றால் புரதம், பாஸ்பரஸ், ஸ்டீராய்டு மருந்து, தைராய்டு என்ற பக்கம் போகவேண்டும். தலையும் சேர்ந்து நின்றால் அது நீடித்த சத்துக்குறைவாகவோ மூளைப் பாதிப்பாகவோ இருக்கும், காத்திருக்கக் கூடாது.

நுரையீரல் நோய் தங்கிவிட்ட குழந்தைகளுக்கு மூச்சுவிடுவதற்கே கலோரி கூடுதலாகச் செலவாகும். விழித்திருக்கும்போது ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கும். பால் குடிக்கும்போதும் தூங்கும்போதும் இறங்கும். ஆக்சிஜனை நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் எடைக்கோடு படுத்துவிட்டால், பாலைக் குறைசொல்லும் முன் ஒரு இரவு முழுக்க அளவிடுங்கள். அடிக்கடி 93%-க்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜனை மீண்டும் தொடங்குவதே அந்தக் குழந்தையின் வளர்ச்சி மருந்து.

இன்னொன்று சோடியம். சிறுநீர் பெருக்கி மருந்து எடுக்கும் குழந்தைகள், குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவைத்த குழந்தைகள், உப்பை இழந்துகொண்டே இருப்பார்கள். கலோரி எவ்வளவு ஏற்றினாலும் எடை அசையாது. குடல் வழியாக உப்பை இழப்பவர்களுக்கு, ரத்தத்தில் அளவு சரியாகத் தெரிந்தாலும் சிறுநீரில் சோடியம் மிகக் குறைந்திருக்கும். கேட்டு வாங்கவேண்டிய பரிசோதனை அது, தானாக யாரும் எழுதமாட்டார்கள்.

தைராய்டுக்குப் பிறந்த உடனே எடுத்த பரிசோதனை இந்தக் குழந்தைகளுக்குப் போதாது. குறைபாடு தாமதமாக வெளிப்படுவதால் 2 முதல் 4 வாரத்தில் மறுபடி எடுக்கவேண்டும். எலும்புக்கு ரத்தத்தில் பாஸ்பரஸும் ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் என்னும் நொதியும் பார்ப்பார்கள். பாஸ்பரஸ் இறங்கி மற்றது ஏறினால் எலும்பு பட்டினி கிடக்கிறது என்று பொருள். அந்தக் கட்டத்தில் கால் கையை இழுத்து உடற்பயிற்சி செய்விப்பதும் அழுத்தித் தேய்ப்பதும் எலும்பை முறிக்கும்.

எதுக்களிக்கிறது என்று பாலைக் கெட்டியாக்கும் பொடியைத் தாங்களாகவே கலப்பவர்கள் உண்டு. சாந்தன் கம் அடங்கிய பொடியால் குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் நோய் வந்ததை ஒட்டி 2011-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எடை ஏறும் குழந்தை கக்கினால் துடைத்துவிட்டுப் போங்கள். எடை ஏறாமல் கக்கினால் மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவமனையில் இருக்கும்போதே வளர்ச்சிக்கு உதவும் ஒன்று, தோலோடு தோல் சேர்த்து மார்பில் வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கியது. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளச் செலவாகும் கலோரி மிச்சமாகிறது, தாய்ப்பாலும் ஊறுகிறது. நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் நாள் முழுக்க என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. அரைமணி நேரம் வைத்துவிட்டுப் படம் எடுப்பது இதில் சேராது.

தலை மட்டும் ஓடினால்

மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டிருந்த குழந்தைக்குத் தலை வேகமாக வளர்வது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். மூன்று கோடும் சேர்ந்து மேலேறினால் ஈடுகட்டும் வளர்ச்சி. எடையும் நீளமும் அப்படியே கிடக்க, தலை மட்டும் வாரம் 1.25 செ.மீ.க்கு மேல் பெருத்தால், உச்சிக்குழி புடைத்தால், மண்டையோட்டுப் பொருத்துகள் விரிந்தால், கண்மணி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தால், வாந்தியும் தூக்கமுமாக இருந்தால் தலையில் நீர் கோர்க்கிறது. அன்றைக்கே ஸ்கேன் பார்க்கவேண்டும். தலைச்சுற்றளவை மாதம் ஒருமுறை மட்டும் அளந்தால் இது மூன்று வாரம் தாமதமாகத் தெரியும். ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை அளங்கள்.

திட உணவு

திருத்திய வயது 4 முதல் 6 மாதத்துக்குள், தலை நிற்கும், பிடித்து உட்காரவைத்தால் சாயாது, கரண்டியைக் கண்டால் வாய் திறக்கும் என்ற மூன்றும் கூடிய பிறகு. திருத்திய 3 மாதத்துக்கு முன் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். எடை ஏறவில்லையே என்று முன்கூட்டியே கஞ்சி ஊட்டுவது எதிர்விளைவைத் தரும்: வயிறு சிறியது, நீர்த்த கஞ்சியில் பாலைவிடக் கலோரி குறைவு, அது பாலின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தொடங்கியபின் கரண்டி சாய்த்தால் விழாத கெட்டியில், கொழுப்பும் புரதமும் சேர்த்துக் கொடுங்கள். இரும்புள்ள உணவைத் தள்ளிப்போடாதீர்கள்.

நெடுநாள் மூக்கிலோ வாயிலோ டியூப் இருந்த குழந்தைகளுக்கு வாய்ப்பக்கம் எது வந்தாலும் பயம். வாய்க்குள் வந்ததெல்லாம் அவர்களுக்கு வலித்த அனுபவம்தான். மூக்கைப் பிடித்து ஊட்டினால் அந்தப் பயம் நிலைத்துவிடும், பிறகு வருடக்கணக்கில் போராட வேண்டியிருக்கும். விரலில் தொட்டுத் தானே நக்கவிடுவதில் தொடங்கி, விழுங்கும் பயிற்சியாளரின் உதவியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2 வயதுக்குப் பிறகு

2 வயதில் இரண்டு மாற்றம் ஒரே நாளில் நடக்கும், இரண்டும் சேர்ந்து கோட்டைக் கீழே தள்ளும். முதலாவது, படுக்கவைத்து அளந்ததை நிற்கவைத்து அளக்கத் தொடங்குகிறோம், நின்றால் 0.7 செ.மீ. குறைவு. இரண்டாவது, 3 வயது வரை தொடராவிட்டால், வயதைத் திருத்துவதை அன்றே நிறுத்துகிறோம். 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அது 3 மாத வித்தியாசம், அந்த வயதில் ஏறத்தாழ 2.5 செ.மீ. இரண்டும் சேர்ந்தால் 3 செ.மீ.க்கு மேல், 2 வயதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைவெளியே அவ்வளவுதான். குழந்தை வளராமல் போகவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது. அந்த ஒருநாள் மட்டும் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் அளந்து, திருத்தியும் திருத்தாமலும் குறித்து வைத்தால், ஆறுமாதம் கழித்து யாரும் குழம்பமாட்டார்கள்.

அதன்பிறகு ஆறுமாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். 4 வயதிலிருந்து பருவம் தொடங்கும்வரை ஆண்டுக்கு 5, 6 செ.மீ. வளர்வது இயல்பு. 4-க்குக் கீழே இறங்கினால் விசாரிக்கவேண்டும். பெற்றோரின் உயரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள்: இருவர் உயரத்தையும் கூட்டி, பையனுக்கு 13 செ.மீ. சேர்த்து, பெண்ணுக்கு 13 கழித்து, இரண்டால் வகுத்தால் எதிர்பார்க்கும் உயரத்தின் நடுப்புள்ளி கிடைக்கும். அம்மா 152, அப்பா 164 என்றால் மகளுக்கு 151.5. அந்த வீட்டில் மைனஸ் 1.5 கோட்டில் செல்லும் பெண் தன் வழியில்தான் செல்கிறாள்.

குறைந்த எடையோடு பிறந்து, 3, 4 வயதிலும் உயரம் மைனஸ் 2.5-க்குக் கீழே நின்றால் ஹார்மோன் மருத்துவரைப் பார்க்கவேண்டும். பிறந்த வாரத்துக்கு எடை குறைந்தவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசியை அமெரிக்கா 2001-இலும் ஐரோப்பா 2003-இலும் அனுமதித்தன. முந்திப் பிறந்தது மட்டுமே காரணமாக, பிறந்த வாரத்துக்கேற்ற எடையோடு வந்த குழந்தைக்கு அந்த அனுமதி பொருந்தாது.

எதிர்பார்ப்பையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-இல் 26 வாரம் முடியும் முன் பிறந்தவர்களை 19 வயது வரை தொடர்ந்து பார்த்த எபிக்யூர் ஆய்வில், உயரமும் தலைச்சுற்றளவும் சராசரியாக நிறைமாதத்தில் பிறந்தவர்களைவிடக் குறைவாகவே இருந்தன. எடையோ உயரத்துக்கு ஈடாக எட்டிவிட்டது. நடுப்புள்ளியைத் தொட்டே ஆகவேண்டும் என்று ஊட்டினால் கூடுவது இடுப்புச் சுற்றளவு மட்டுமே.

இதனால்தான் 2 வயதுக்குப் பிறகு கவலையின் திசை மாறவேண்டும். அதுவரை ஏறாததைப் பார்த்தோம். இனி உயரம் நகராமல் எடை மட்டும் கோடு தாண்டி ஏறுவதைப் பார்க்கவேண்டும். "குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இன்னும் ஒரு வாய்" என்று 5 வயதிலும் ஊட்டுவது பாசம்தான், ஆனால் அந்தக் கூடுதல் எடை பிற்காலத்தில் ரத்த அழுத்தமாகவும் சர்க்கரையாகவும் வரும். சிறுநீரகத்தின் வடிகட்டிகள் வயிற்றுக்குள் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டிருப்பவை. முந்தி வந்த குழந்தைக்கு அவற்றின் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். ஆகவே 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு 3 வயதுக்கு முன்பே தொடங்கி ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் பாருங்கள், கையின் அளவுக்கேற்ற சிறிய பட்டையோடு. பெரிய பட்டை கட்டினால் அழுத்தம் குறைத்துக் காட்டும், சிறிய பட்டை கூட்டிக் காட்டும். பட்டையின் ரப்பர் பை மேற்கைச் சுற்றளவில் 80% சுற்றவேண்டும்.

பற்கள் பிறந்த நாள் கணக்குப்படி தாமதமாகத் தெரியும், திருத்திய வயதுப்படி பெரும்பாலும் நேரத்துக்கே முளைக்கும். பால்பல்லின் மேற்பூச்சில் குழிகளும் வெள்ளைத் திட்டுகளும் இவர்களுக்கு அதிகம். முதல் பல் முளைத்ததுமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பருவமடைவது ஏறக்குறைய மற்றவர்களின் வயதிலேயே நிகழும், சிலருக்குச் சற்று முந்தும். குட்டையாக இருக்கும் பெண் 8 வயதுக்கு முன்போ, பையன் 9 வயதுக்கு முன்போ பருவமாற்றம் காட்டினால், மிச்சமிருக்கும் வளர்ச்சிக்காலம் சுருங்குகிறது என்பதால் உடனே காட்டவேண்டும்.

மருத்துவமனை மாறும்போதெல்லாம் கோடு அறுந்துபோகிறது. பிறந்த வாரமும் நாளும், பிறந்த எடை, நீளம், தலை, வீட்டுக்கு வந்த நாளின் மூன்று அளவு, மூளை ஸ்கேன் முடிவு, எத்தனை நாள் ஸ்டீராய்டு, எத்தனை முறை ரத்தம் ஏற்றியது, பயன்படுத்திய அட்டவணையின் பெயர் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு அளவையும் தேதியோடு அதன் கீழே சேர்த்துக்கொண்டே வாருங்கள். எடைக்குப் பக்கத்தில் எந்தத் தராசு என்றும் எழுதுங்கள்; இரண்டு தராசுக்கு நடுவே 80 கிராம் வித்தியாசம் இருந்தால், இரண்டு வாரமாக ஏறவில்லை என்று நீங்கள் நினைத்தது அந்த 80 கிராமாகவே இருக்கலாம்.